திரும்பிப் போனவளைக் கைவிடலாமா?

கணவன் கைநீட்டுகிறான் என்று ஒரு பெண் முதன்முதலாக வாய்திறக்கும் இடம் பெரும்பாலும் அம்மா வீட்டு அடுப்படியாகத்தான் இருக்கும். அது இல்லையென்றால் அக்காவோடு பேசும் செல்பேசி, அலுவலகத்தில் பக்கத்து நாற்காலித் தோழி. காவல் நிலையமும் நீதிமன்றமும் அவள் நினைப்பில் வருவதற்குப் பல வருடங்கள் முன்பே இந்த நாலைந்து பேருக்கு விஷயம் அரைகுறையாகவாவது தெரிந்திருக்கும்.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38.1 சதவீதம் பேர் ஏதோ ஒரு கட்டத்தில் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். நாட்டின் சராசரி 29.3. பெண்கள் படிப்பிலும் வேலையிலும் முன்னே நிற்கிறோம் என்று பெருமைப்படும் மாநிலம் இதிலும் சராசரியைத் தாண்டித்தான் நிற்கிறது. அடி, பாலியல் கொடுமை இவற்றுக்கு ஆளான இந்தியப் பெண்களில் 77 சதவீதம் பேர் உதவி கேட்கவும் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை என்கிறது அதே ஆய்வு. உதவி தேடியவர்கள் 14 சதவீதம்தான். அவர்களிலும் பெரும்பாலோர் போனது பிறந்த வீட்டுக்கு. போலீஸ், வக்கீல், மருத்துவர் என்று போனவர்கள் மிகச் சிலர்.

ஆனால், பிறந்த வீட்டாருக்கு நாம் எதுவும் சொல்லித்தந்ததில்லை. பெண்களிடம் உரிமைகளைப் பற்றிப் பேசினோம்; காவலர்களுக்குப் பயிற்சி நடத்தினோம்; பேருந்துகளின் பின்புறம் உதவி எண்ணை எழுதினோம். மகள் ராத்திரி பத்து மணிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால் என்ன பேச வேண்டும், எதைப் பேசவே கூடாது என்று ஒரு அப்பாவுக்கு யாரும் சொன்னதில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய அப்பா தன் தங்கையிடம் சொன்னதுதான். அதையே அவரும் சொல்கிறார்.

அந்த வாக்கியங்கள் நம் எல்லோருக்கும் மனப்பாடம். “நீ என்ன சொன்னே, அவர் கைநீட்டுற அளவுக்கு?” “மாப்பிள்ளைக்கு வேலையில என்ன டென்ஷனோ.” “ஒரு குழந்தை பிறந்தா எல்லாம் சரியாயிடும்.” “தங்கச்சி கல்யாணம் முடியட்டும்மா, அதுவரைக்கும் பொறுத்துக்கோ.” இவற்றைச் சொல்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. மகளுக்காக உருகுகிற அம்மாக்கள்தான் இப்படிப் பேசுகிறார்கள். ஊர் என்ன சொல்லும் என்ற பயம், கல்யாணக் கடன் இன்னும் அடையாத கவலை, தானும் இதையெல்லாம் தாங்கித்தானே குடும்பம் நடத்தினேன் என்கிற கசப்பு எல்லாம் சேர்ந்து அப்படிப் பேச வைக்கின்றன. கேட்கிற மகளுக்கு இந்த நியாயங்கள் எதுவும் காதில் விழாது. இங்கே இடமில்லை என்பது மட்டும் விழும்.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எந்தப் பெண்ணும் முதல் தடவையே முழுதாகச் சொல்லிவிடுவதில்லை. “அவருக்குக் கொஞ்சம் கோபம் ஜாஸ்திம்மா” என்று ஆரம்பிப்பாள். கன்னத்தில் விழுந்த அறையைச் சொல்ல வந்தவள், தட்டைத் தூக்கி எறிந்ததை மட்டும் சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். ஆழம் பார்க்கிறாள். “ஆம்பளைன்னா அப்படித்தான்” என்று பதில் வந்தால் மீதியை விழுங்கிவிட்டுக் குழந்தையின் படிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள். மறுபடி அந்தப் பேச்சை எடுக்க வருடங்கள் ஆகலாம். எடுக்காமலேயும் போகலாம்.

என்னதான் சொல்வது? “நீ சொல்றதை நான் நம்புறேன். இது உன் தப்பு இல்லை. நீ என்ன முடிவு எடுத்தாலும் நான் கூட இருப்பேன்.” இவ்வளவு போதும். பிறகு ஒரே ஒரு கேள்வி: “இன்னைக்கு ராத்திரி அந்த வீட்டுல இருக்க பயமா இருக்கா?” அறிவுரை, தீர்வு, வக்கீல் நம்பர் எல்லாம் மெதுவாக வரலாம். எதிர்முனையில் இன்னொரு தவறும் நடக்கிறது. “இன்னும் ஏன்டி அவன்கூட இருக்கே? பெட்டியைக் கட்டிக்கிட்டுக் கிளம்பு” என்று தோழி கொதிப்பது துணிச்சலாகத் தெரிகிறது. எதைச் செய்தாலும் அவன் உத்தரவுக்குக் காத்திருந்து பழகியவளுக்கு அது இன்னொரு உத்தரவு. தோழி சொன்னபடி கிளம்ப முடியவில்லை என்றால், அடுத்த தடவை தோழியிடமும் மறைப்பாள்.

வன்முறை என்றாலே நமக்குக் கன்றிப்போன கண்தான் நினைவுக்கு வருகிறது. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் ‘குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005’ உடல்ரீதியான கொடுமை, பாலியல் கொடுமை, வார்த்தைகளாலும் மனதைச் சிதைத்தும் செய்யும் கொடுமை, பொருளாதாரக் கொடுமை ஆகிய நான்கையும் வன்முறை என்றே கணக்கில் எடுக்கிறது. மனைவியின் விருப்பமில்லாமல் கணவன் கொள்ளும் உறவைக் குற்றவியல் சட்டம் இன்னும் வல்லுறவாக ஏற்கவில்லை. இந்தச் சட்டத்தின்கீழ் அதற்கும் நிவாரணம் கேட்கலாம். சம்பளம் முழுவதும் அவன் கணக்குக்குப் போவது, கேட்காமல் நகையை அடகு வைப்பது, வேலையை விடச் சொல்லி நச்சரிப்பது எல்லாம் பொருளாதாரக் கொடுமைக்குள் வரும். 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் நேராகப் பெண்களின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. நல்ல திட்டம். அந்தக் கணக்கின் ஏடிஎம் கார்டு எத்தனை வீடுகளில் அவன் சட்டைப்பையில் இருக்கிறது என்று யாராவது ஆய்வு செய்தால் நன்றாயிருக்கும்.

அடியே விழாத வீடுகளும் உண்டு. யாரிடம் பேசினாய், ஏன் ஐந்து நிமிடம் தாமதம், போன் பாஸ்வேர்டைச் சொல், அம்மா வீட்டுக்கு எதற்கு மாதாமாதம் என்று நாள்பட நாள்பட அவளைச் சுற்றிய வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். அமெரிக்கச் சமூகவியலாளர் இவான் ஸ்டார்க் 2007இல் எழுதிய நூலில் இந்த அடக்குமுறையைத்தான் குடும்ப வன்முறையின் மையம் என்று வாதிட்டார். 2015இல் இங்கிலாந்து இதைத் தனிக் குற்றமாகவே ஆக்கியது. இதில் உறவினர்கள் ஏமாறுவது சுலபம். அவன் வெளியே பணிவான பையன். மாமனாருக்கு மாத்திரை வாங்கித் தருவான், கோயில் கொடைக்கு முன்னால் நிற்பான். ‘மாப்பிள்ளை தங்கமானவராச்சே’ என்று நினைத்து, மகள் சொல்வதைச் சந்தேகிக்கிறோம். வெளியில் அடக்கமாக இருக்கத் தெரிந்தவன் வீட்டுக்குள் மட்டும் கைநீட்டுகிறான் என்றால் அவனுக்குத் தன்னைக் கட்டுப்படுத்தத் தெரியும் என்றுதானே பொருள்?

குடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடிக்கடி குடித்துவிட்டு வரும் கணவர்களின் மனைவிகளுக்கு வன்முறை பல மடங்கு அதிகம். தேசியக் குடும்ப நல ஆய்வும் அதையே காட்டுகிறது. ஆனால், குடிக்காத கணவர்களின் மனைவிகளிலும் நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் அடியோ பாலியல் கொடுமையோ அனுபவித்திருக்கிறார்கள் என்பதும் அதே ஆய்வில் உண்டு. ‘குடி நின்றால் அடி நின்றுவிடும்’ என்று மறுவாழ்வு மையத்தை மட்டும் நம்பி வருடங்களைக் கடத்துவது மகளின் உயிரை வைத்துச் செய்யும் சோதனை.

அடுத்தது பஞ்சாயத்து. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பொதுவாக ஒரு ‘ஊர்ப் பெரிய மனிதரும்’ கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளேயிருந்து அவளைக் கூப்பிடுவார்கள். அவன் முன்னால், அவன் அம்மா முன்னால், “சொல்லும்மா, உனக்கு என்ன குறை?” என்பார்கள். அவள் எதைச் சொல்வாள்? சொன்னால் ராத்திரி அதற்கான கணக்குத் தீர்க்கப்படும் என்று அவளுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் ‘குறை ஒன்றும் இல்லை’ என்று முடித்துவிடுவார்கள். பிறகு அவன் தரப்பு ஆரம்பிக்கும்: சமையல் சரியில்லை, போனிலேயே இருக்கிறாள், எதிர்த்துப் பேசுகிறாள். கடைசியில் இரண்டு பேருக்கும் பொதுவாக அறிவுரை. அவன் இனிமேல் அடிக்கக் கூடாதாம். அவள் இனிமேல் எதிர்த்துப் பேசக் கூடாதாம். அடியும் பேச்சும் ஒரே தட்டில் வைக்கப்படுகிற இந்த விநோதம் யார் கண்ணிலும் படுவதில்லை. காபி வரும். கூட்டம் கலையும்.

குடும்ப வன்முறைச் சட்டத்துக்காக 2006இல் வகுத்த விதிகள், நீதிமன்றம் அனுப்பும் ஆலோசனை அமர்வுகளைப் பற்றியும் பேசுகின்றன. வன்முறைக்கு எந்த நியாயமும் கற்பிக்க அங்கே அனுமதி கிடையாது. அமர்வு தொடங்கும் முன்பே எதிர்த்தரப்புக்கு அதைத் தெரிவித்துவிட வேண்டும் என்கிறது ஒரு விதி. நம் கூடத்துப் பஞ்சாயத்தில் பாதி நேரம் எதில் கழிகிறது என்று யோசித்தால் இதை எழுதியவர்களின் அனுபவம் புரியும். இந்த ஒரு விதியை மட்டும் நம் பெரியவர்கள் கடைப்பிடித்தால் முக்கால்வாசிப் பஞ்சாயத்துகள் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

மகளிர் காவல் நிலையங்களும் இந்தப் பழக்கத்திலிருந்து முழுமையாக விடுபடவில்லை. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் மாநிலத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கப்பட்டபோது தமிழ்நாடு நாட்டுக்கே வழிகாட்டியது. அங்கும் இன்று, புகார் தர வந்தவளையும் அவனையும் எதிரெதிரே உட்காரவைத்து ‘பேசி அனுப்புவது’ பெரிய வேலையாக இருக்கிறது. கூடப் போகிறவர் ஒரு காரியம் செய்யலாம். புகார் மனு கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் வெளியே வராதீர்கள். வழக்கே பதிவாகாவிட்டாலும், இந்தத் தேதியில் இந்தப் பெண் இதைச் சொன்னாள் என்பதற்கு அந்தத் தாள் சாட்சி.

அண்ணன் தம்பிகளின் கோபமும் இதே அளவுக்குச் சிக்கலானது. “சட்டையைப் பிடிச்சு நாலு கொடுத்துட்டு வந்தேன்” என்று தம்பி பெருமையாகச் சொல்வான். அந்த நாலுக்கு வட்டியோடு பதில் அவளுக்குத்தான் விழும். தம்பி மேல் ஒரு புகாரும் பதிவானால், சமாதானம் பேசும்போது அது கணவனுக்குப் பேரம் பேசக் கிடைத்த சரக்கு. அவள் நம்மிடம் சொன்ன எதையும் அவள் சம்மதம் இல்லாமல் அவனிடம் கேட்கக் கூடாது. மற்ற எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

இனி, உறவினர்களும் தோழிகளும் தோற்றுப்போகும் இடத்துக்கு வருவோம். அவள் வந்துவிட்டாள். பத்து நாள் அம்மா வீட்டில் இருந்தாள். எல்லோரும் ஓடியாடி வக்கீலைப் பார்த்தார்கள், வீடு பார்த்தார்கள். பதினோராம் நாள் அவன் வாசலில் வந்து நின்று அழுதான். அல்லது குழந்தையிடம் போனில் பேசினான். அவள் கிளம்பிப் போய்விட்டாள். “இவ்வளவு செஞ்சும் போயிட்டாளே, இனி அவ விஷயத்துல தலையிட மாட்டேன்” என்று அண்ணன் கையை உதறுகிறான். அக்கா போனை எடுப்பதில்லை. தோழி, ‘அவளுக்கே அது பிடிச்சிருக்கு போல’ என்கிறாள்.

திரும்பிப் போவது இந்த விஷயத்தில் விதிவிலக்கே இல்லை, வழக்கம். கடைசியாக வெளியேறும் முன்பு பலமுறை போய்ப் போய் வருகிறார்கள் என்பது இந்தத் துறையில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்த உண்மை. அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979இலேயே இந்தச் சுழலை விவரித்தார்: இறுக்கம் கூடும், அடி விழும், பிறகு மன்னிப்பும் கொஞ்சலும். எல்லா வீட்டிலும் இந்த வரிசையில்தான் நடக்கிறது என்றில்லை. ஆனால், அந்த மூன்றாம் கட்டம் பொய்யென்று அவளுக்குத் தோன்றுவதில்லை என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும். அவள் திரும்பிப் போவது அடிக்கிறவனிடம் என்று நாம் நினைக்கிறோம். மல்லிகைப்பூவோடு வந்து மன்னிப்புக் கேட்டவனிடம் போவதாக அவள் நினைக்கிறாள். இத்துடன், பிள்ளையைத் தரமாட்டேன் என்ற மிரட்டல், கையில் பணமின்மை, அண்ணி முகம் சுளிப்பாளோ என்ற கூச்சம், ‘வாழாவெட்டி’ என்ற சொல்லின் பயம். இதில் எந்த ஒன்றையும் பத்து நாளில் தீர்க்க முடியாது.

அவளை எல்லோரிடமிருந்தும் பிரித்துவைப்பதுதான் அவன் வருடக்கணக்கில் செய்துவந்த வேலை. கோபத்தில் நாம் போனை எடுக்காமல் விட்டால் அந்த வேலையில் மிச்சம் இருந்ததை நாமே முடித்துக் கொடுக்கிறோம். திரும்பிப் போனவளிடம் பேசும் முறையை மாற்றிக்கொள்ளலாம். பேச்சை நிறுத்தக் கூடாது. அவனைத் திட்ட வேண்டாம். திட்டினால் அவனுக்காக வாதாட வேண்டிய கட்டாயம் அவளுக்கு வருகிறது. “போனது பத்தி எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை. எப்ப வேணா வரலாம், எத்தனை மணின்னாலும்” என்று சொல்லிவிட்டு மற்றதை எல்லாம் பேசலாம். சீரியல், சித்தி பெண்ணின் வளைகாப்பு, மாவு புளிக்காதது எதுவானாலும் சரி. போனை அவன் பார்ப்பான் என்றால் வாட்ஸ்அப்பில் எதுவும் எழுதக் கூடாது. “பாட்டிக்கு உடம்பு சரியில்லை” என்று அவள் சொன்னால் உடனே புறப்பட்டு வர வேண்டும் என்பது மாதிரி ஏதாவது ஒரு குறிச்சொல்லை இருவரும் முடிவு செய்து வைத்துக்கொள்ளலாம்.

இதை ஒரே ஆள் சுமந்தால் மூன்றே மாதத்தில் களைத்துவிடுவார். அலைச்சல், நடுராத்திரிப் போன், சொந்த வீட்டில் சண்டை எல்லாம் சேர்ந்து அவருக்கு அவள் மேலேயே எரிச்சல் வரும். அது இயற்கை. நாலு பேர் பிரித்துக்கொள்வது நல்லது. ஒருவர் வக்கீலோடு பேசட்டும், ஒருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும், ஒருவர் வெறுமனே பேசிக்கொண்டிருக்கட்டும். அந்த மூன்றாமவர் செய்வது சின்ன வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

காத்திருக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. கழுத்தை நெரித்தான் என்று அவள் ஒருமுறை சொன்னாலும் அதோடு பொறுமைக்கு இடமில்லை. நெரித்த தடம் வெளியே தெரியாமலே போகலாம். முன்பு ஒருமுறை கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னர் கொலையாகும் அபாயம் ஏழு மடங்குக்கு மேல் என்று 2008இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு கண்டது. மண்ணெண்ணெய், பெட்ரோல் என்று மிரட்டுவது, கத்தியை எடுப்பது, கர்ப்பமாக இருக்கும்போது அடிப்பது, ‘நீ போனால் நானும் சாவேன், உன்னையும் விடமாட்டேன்’ என்பது எல்லாம் அதே வரிசை. அவள் செத்துப்போவதைப் பற்றிப் பேசினாலும் அன்றே யாராவது கூடப் போய் இருக்க வேண்டும். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் வந்து சேரும் பெண்களோடு பல ஆண்டுகளாக வேலை செய்யும் பி.சி.வி.சி. போன்ற அமைப்புகளுக்கு ‘ஸ்டவ் வெடித்தது’ என்ற வாக்கியத்துக்குப் பின்னால் என்னவெல்லாம் இருக்கும் என்று தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளியேறும் நாளும் அதை அடுத்த சில வாரங்களும்தான் மிக ஆபத்தானவை. பிடி நழுவுகிறது என்று தெரிந்தவன் எந்த எல்லைக்கும் போவான். ஆகவே, கோபத்தில் கிளம்புவதைவிடத் திட்டமிட்டுக் கிளம்புவது நல்லது. ஆதார், குடும்ப அட்டை நகல், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், நகை வாங்கிய ரசீதுகள், கொஞ்சம் பணம், ஒரு மாற்றுச் சாவி. இவற்றைச் சிறுகச் சிறுகத் தோழி வீட்டுக்குக் கடத்திவிடலாம். நகையணிந்த கல்யாணப் புகைப்படங்கள் பிறந்த வீட்டிலேயே இருக்கும், அவையும் சான்று. சீதனமாக வந்த நகை பெண்ணின் தனிச்சொத்து என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

காயம் பட்டால் மருத்துவமனைக்குக் கூடப் போகிறவருக்குப் பெரிய பொறுப்பு இருக்கிறது. ‘பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்’ என்று அவள் சொன்னால் மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதுவார். இரண்டு வருடம் கழித்து நீதிமன்றத்தில் அந்த ஏ.ஆர். காப்பிதான் அவளுக்கு எதிராக நிற்கும். உண்மையைச் சொன்னால் காவல் நிலையத்துக்குத் தகவல் போகும் என்பதையும் அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முடிவு அவளுடையது. விழுந்ததாகச் சொல்லத்தான் வேண்டும் என்று அவள் முடிவெடுத்தாலும் காயத்தைப் படமெடுத்துத் தேதியோடு தன் போனில் வைத்துக்கொள்ளும் ஒரு தோழி பின்னாளில் உதவுவாள்.

சட்டப் பக்கத்தை வேகமாகக் கடந்துவிடுகிறேன், தெரியவேண்டியதை மட்டும் சொல்லி. வழக்குப் போட மாமியார் ஊருக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நீதித்துறை நடுவரிடமே குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு செய்யலாம். கொடுமை பற்றிய குற்ற வழக்கையும் அவள் தஞ்சம் புகுந்த ஊரிலேயே தொடரலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. முன்பு 498ஏ என்று நாம் அறிந்திருந்த பிரிவு 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85ஆம் பிரிவு. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்கும் உரிமையை அவள் கோரலாம் என்பது 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை பொதுவாக அம்மாவிடமே இருக்க வேண்டும் என்கிறது இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம். மற்ற மதத்தினரும் பிள்ளையின் இடைக்காலப் பொறுப்பை நடுவரிடம் கேட்கலாம். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானது என்பதற்காகப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ‘பிள்ளை படிப்பு கெட்டுடும்’ என்று தயங்குகிறவர்களுக்கு இதைச் சொல்லலாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100. மகளிர் உதவி எண் 181, இருபத்து நான்கு மணி நேரமும். மாவட்ட ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாள் தங்கவும் முடியும். இத்தனையும் மனைவிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். மகனிடம் அடி வாங்குகிற அம்மாவும், அண்ணனிடம் அடி வாங்குகிற தங்கையும் இதே சட்டத்தை நாடலாம். மகன் அடித்ததை வெளியே சொல்கிற அம்மாக்கள் மனைவிமார்களைவிடக் குறைவு.

ஆனால், எத்தனை எண்களை எழுதினாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: வெளியே வந்தவள் எங்கே இருப்பாள்? பொருளாதார அறிஞர் பினா அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் செய்த ஆய்வு 2005இல் வெளியானது. நிலமோ வீடோ சொந்தமாக இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவனிடம் அடி வாங்கியிருந்தார்கள். நிலமும் வீடும் இரண்டும் சொந்தமாக இருந்த பெண்களில் 7 சதவீதம்தான். போக ஓர் இடம் இருக்கிறது என்பது அவளுக்கு மட்டும் தெரிந்தால் போதாது. அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும் போலும்.

நம் பிறந்த வீடுகளின் கணக்கு இங்கேதான் இடிக்கிறது. ஐம்பது பவுன் போட, கடன் வாங்கிக் கார் கொடுக்க, இரண்டாயிரம் பேருக்குச் சாப்பாடு போடத் தயாராக இருக்கிற அப்பாக்கள், மகள் பெயரில் ஒரு சென்ட் இடம் எழுதச் சொன்னால் “அவளைத்தான் கட்டிக்கொடுத்தாச்சே” என்கிறார்கள். மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் செய்தது. நாடு முழுவதற்கும் அது வர 2005 ஆனது. சட்டம் வந்து இத்தனை காலமாகியும் பத்திரப் பதிவு அலுவலகத்தில் மகள்கள் பெரும்பாலும் கையெழுத்துப் போடுவது விடுதலைப் பத்திரத்தில்தான். போட்ட பவுன் அவன் வீட்டுப் பீரோவுக்குப் போகிறது, ஆபத்தென்றால் அவளோடு வருவதில்லை. மனையும் வீடும் அவள் பெயரில் இருந்தால் அங்கேயே நிற்கும். வரதட்சணைக்கு எதிரான வாதங்களில் இதை நாம் அதிகம் சொல்வதில்லை என்பது எனக்கு வியப்பு. மகளுக்கு உதவி செய்வது அடி விழுந்த பிறகு தொடங்க வேண்டிய காரியம் இல்லை.

பங்கு எழுத வசதியில்லாத வீடுகள்தான் அதிகம். அங்கே ஓர் அறையைப் பற்றிப் பேசலாம். ஒண்டுக்குடித்தனத்தில் அறைக்கு எங்கே போவது என்றால், ஒரு பீரோ அடுக்கைப் பற்றிப் பேசலாம். அவளும் பிள்ளையும் வந்தால் எங்கே படுப்பார்கள், செலவுக்கு யார் எவ்வளவு தருவார்கள் என்பதை அவள் வருவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்திருக்க வேண்டும். அண்ணியையும் வைத்துக்கொண்டு. அண்ணியைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டுப் பிறகு அவள் முகம் சுளிக்கிறாள் என்று குறை சொல்வதில் அர்த்தமில்லை. அவளும் இன்னொரு வீட்டிலிருந்து வந்தவள்தான். வேலைக்குப் போகிற பெண்ணாக இருந்தால் அரசின் தோழி விடுதிகளையும் விசாரிக்கலாம்.

உறவே இல்லாதவர்களுக்கும் இதில் வேலை உண்டு. ‘பக்கத்து வீட்டுச் சண்டையில் தலையிட்டால் நம் மேலேயே கேஸ் வரும்’ என்று சுவருக்கு இந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொள்கிறோம். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இதற்கு நேரான பதில். வன்முறை நடந்தது, நடக்கிறது, நடக்கப்போகிறது என்று நம்பக் காரணம் உள்ள யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தந்த தகவலுக்காக அவர் மேல் உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ வராது. 2008இல் ‘பிரேக்த்ரூ’ என்ற அமைப்பு நாடு முழுவதும் ‘பெல் பஜாவோ’ என்ற விளம்பர இயக்கத்தை நடத்தியது. பக்கத்து வீட்டில் அடிக்கும் சத்தம் கேட்கிறது. ஒருவர் போய் அழைப்புமணியை அழுத்தி ஏதோ அற்பமான ஒன்றைக் கேட்கிறார். கதவைத் திறந்தவனுக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. அடி அப்போதைக்கு நிற்கிறது. நம் அபார்ட்மென்ட்களில் தண்ணீர் லாரிக்கும் பார்க்கிங்குக்கும் வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். ஒரு கிண்ணம் சர்க்கரை கேட்டுப் போய் மணி அடிக்க மட்டும் நமக்குக் கூச்சம்.

தகவலைப் பெறவேண்டிய பாதுகாப்பு அலுவலரின் நிலை என்ன? அந்தச் சட்டத்தின் அச்சாணியே அவர்தான். சம்பவ அறிக்கை எழுதுவது, மனுவை நடுவரிடம் கொண்டுபோவது, பாதுகாப்புத் திட்டம் தயாரிப்பது, தங்க இடம் ஏற்பாடு செய்வது என்று எல்லாம் அவர் தலையில். மனு வந்தால் வழக்கமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்வதை யாரும் மதிப்பதில்லை என்பது வேறு கதை. மாவட்ட அளவிலும் வட்ட அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை அடையாளம் கண்டு நியமிக்குமாறு உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு 2025 மே மாதம் உத்தரவிட வேண்டியிருந்தது. சட்டம் இயற்றி இருபது ஆண்டுகள் ஆன பிறகு! தமிழ்நாட்டில் மாவட்டத்துக்கு ஓர் அலுவலர் என்ற ஏற்பாடு பல வருடங்களாக இருக்கிறது. ஒரு மாவட்டம் முழுவதற்கும் ஒருவர் என்றால், மலையடிவாரக் கிராமத்திலிருந்து ஒருத்தி இரண்டு பேருந்து மாறி வந்து அவரைப் பார்க்க வேண்டும். பெண்களுக்குப் பேருந்துக் கட்டணம் இல்லைதான், ஆனால் வீட்டைவிட்டு அரை நாள் காணாமல் போனதற்கு அவனிடம் என்ன காரணம் சொல்வாள்? வட்டத்துக்கு ஒருவர் முழுநேரமாக, வேறு திட்டங்களின் வேலை சுமத்தப்படாமல், வண்டியும் உதவியாளரும் கொண்டு இருந்தால்தான் மணி அடித்த பக்கத்து வீட்டுக்காரரின் அடுத்த அழைப்பை எடுக்க ஆள் இருக்கும். சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறையின் அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தில் நம் சட்டமன்ற உறுப்பினர்கள் இந்த ஒரு எண்ணிக்கையையாவது கேட்கட்டும்: எத்தனை வட்டங்கள், எத்தனை பாதுகாப்பு அலுவலர்கள்?